மச்சான் படத்தில் இருந்த ஆள்

நாகர்கோவில் கோட்டாற்றில் அந்தத் தகரக் கொட்டகைக்குள் டர்பன்டைன் வாடை கண்ணைக் கரித்தது. பாதி வரைந்த நாடகப் படுதா ஒன்று, அரண்மனைத் தூண்களும் எங்கேயும் போய்ச் சேராத ஒரு படிக்கட்டுமாகப் பின்சுவர் முழுக்கத் தொங்கியது. அதன் முன்னால் முக்காலியில் சாய்த்து வைத்திருந்த பலகையை ஆர்ட்டிஸ்ட் அருளப்பன் மெதுவாக எங்கள் பக்கம் திருப்பினார்.

அக்கா ஓரடி முன்னால் போய் நின்றாள். முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தபடி வெகுநேரம் பார்த்தாள். வெளியே ஒரு கருவாட்டு வண்டி போயிற்று. அந்த நாற்றமும் உள்ளே வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போயிற்று.

"இது அவியதான்," என்றாள் அக்கா.

நானும் பார்த்தேன். படத்தில் இருந்தவரை என் ஆயுளில் நான் பார்த்ததே இல்லை.

அக்கா "அவிய" என்று சொன்னது இறந்துபோன தன் கணவரை. என் மச்சான் பூதலிங்கம். அவர் போய் அப்போது எட்டு வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே ஒரு புகைப்படம்கூட இல்லாமல் போய்ச் சேர்ந்தவர்.

சென்ற இதழில் வயல் அறுப்பைப் பற்றி எழுதும்போது, தாணம்மை அக்காவை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டேன். "அந்த அக்கா பிறகு என்ன ஆனார்கள்?" என்று மூன்று பேர் எழுதிக் கேட்டுவிட்டார்கள். சொல்கிறேன். ஆனால் இந்தக் கதையில் எனக்கே இன்றுவரை விளங்காத இடங்கள் உண்டு. விளங்கியமாதிரி எழுத எனக்கு வராது.

அப்பா ஒப்படைத்த வேலை

சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் நாஞ்சில் நாடு இன்னும் திருவிதாங்கூர்–கொச்சியோடு சேர்ந்திருந்தது. நான் திருவனந்தபுரத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. ஓணத்துக்குப் பத்து நாள் விடுமுறையில், பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்துக்கு வந்திருந்தேன். கன்னிப்பூ அறுப்பு முடிந்து களமெல்லாம் வைக்கோல் காய்ந்துகொண்டிருந்தது.

பையைக் கீழே வைப்பதற்குள் அப்பா என்னை மாட்டுத்தொழுவத்துப் பக்கம் அழைத்துப் போனார். வீட்டுக்குள் பேச முடியாததையெல்லாம் அவர் மாடுகளுக்கு நடுவில் வைத்துத்தான் பேசுவார்.

"லே, அக்காளுக்கு ஒரு கல்யாண ஆலோசனை வந்திருக்கு. மாதேவன் சாரு. தாழக்குடியில வாத்தியாரு. பொண்டாட்டி போயி அஞ்சு வருசமாச்சு, பிள்ளையள் இல்லே. நல்ல மனுசன். நான் கேட்டா இவ மூஞ்சியத் திருப்பிட்டுப் போயிருதா. நீ திரும்பிப் போறதுக்குள்ள ஆமாவா இல்லியான்னு கேட்டுச் சொல்லு."

எங்கள் பக்கத்தில் மறுமணம் கேள்விப்படாத விஷயமில்லை. பேச்சு இருக்கும்; ஆனால் நடக்கும். அக்காவுக்கு அப்போது முப்பது, முப்பத்தொன்று இருக்கும். அம்மா முன்னமே போய்விட்டதால் வீட்டையும் அப்பாவையும் அவள்தான் சுமந்தாள். அவளிடம் இதை எப்படிக் கேட்பது என்று ஒரு நாள் முழுக்க வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, இட்லித் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு அவளே பேசினாள்.

"தம்பி, நாகர்கோவில்ல படம் வரையுத ஆளுவ ஒருபாடு இருக்காவளாமே. என்னயக் கூட்டிட்டுப் போவியா?"

"சினிமாவாக்கா?"

"சினிமா எதுக்குலே? கையால வரையுத படம். அது எப்பிடியெல்லாம் வரையுதாவன்னு பாக்கணும்."

எங்கள் வீட்டில் இருந்த படங்கள் மொத்தம் மூன்று. மூன்றும் தேங்காயெண்ணெய்க் கடைக் காலண்டரிலிருந்து வெட்டி ஒட்டிய சாமிகள். அவற்றை அவள் தூசி தட்டிப் பார்த்திருக்கிறேனே தவிர, நின்று ரசித்து நான் கண்டதில்லை. நான் கேட்க வந்த கேள்விக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று புரியாமல், "போலாம்க்கா," என்றேன்.

நாகர்கோவிலில் அண்ணாந்து நடந்த நாள்

வடசேரியில் பஸ்ஸை விட்டு இறங்கி மணிமேடைப் பக்கம் நடந்தோம். நடந்தோம் என்று சொல்வது சரியல்ல. பத்தடிக்கு ஒருதரம் அக்கா அண்ணாந்து நின்றுவிடுவாள்.

அந்தக் காலத்தில் கடைப் பலகைகளில் எழுத்தைவிடச் சித்திரம்தான் அதிகம். வைத்தியசாலைப் பலகையில் ஒரு பயில்வான் தொடையைத் தட்டிக்கொண்டிருப்பான். குடைக்கடையில் ஒரு பெண் வெயிலே இல்லாத இடத்தில் குடை பிடித்திருப்பாள். ஒரு தையல்கடைப் பலகையில் கோட்டு போட்ட ஒருவர் கை நிறையப் பூங்கொத்தோடு நின்றார். அக்கா நடுரோட்டில் நின்று அவரையே பார்த்தாள். மாட்டு வண்டிக்காரன் சத்தம் போட்டான்.

"இந்த ஆளு நெசத்துல உண்டா? யாரையாவது இருத்தி வச்சு வரைஞ்சிருப்பாவளா, அல்லது சும்மா மனசிலேருந்தா?"

"சும்மாதாங்க்கா இருக்கும்."

"சும்மா வருமா மூக்கு?"

ஒரு மூக்கு எங்கிருந்து வருகிறது என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை.

மணிமேடைக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. கண்ணாடிப் பெட்டிக்குள் சாயம் தீட்டிப் பெரிதாக்கிய படங்கள். உதட்டுக்கெல்லாம் ஒரே ரோஸ் நிறம். அக்கா கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். உள்ளே போகலாமா என்றதற்கு வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அந்த ஸ்டூடியோவுக்கு நான் முன்பே ஒருமுறை போயிருக்கிறேன். மச்சானோடு. அவர் கீரிப்பாறைப் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் எழுத்துவேலை பார்த்தார். மாதம் ஒருமுறை மலையிலிருந்து இறங்கி வருவார். சட்டையெல்லாம் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகை மணக்கும். அப்படி வந்த ஒரு நாள், "வாடே, ஒரு போட்டோ பிடிச்சு உங்க அக்காளுக்குக் குடுப்போம்," என்று பள்ளிக்கூடத்துப் பையனான என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை. ஸ்டூடியோக்காரர் ஆராதனைக்குப் போயிருந்தார். கதவில் பூட்டு. "அடுத்த மாசம் பாப்போம்" என்று சிரித்துவிட்டு, எதிர்க்கடையில் எனக்கு வாழைக்காய் பஜ்ஜி வாங்கித் தந்தார். அடுத்த மாதம் மலைஜுரத்தில் போய்விட்டார். கல்யாணமாகி இரண்டரை வருடம்.

இதையெல்லாம் அன்று அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று நான் அவளிடம் சொல்லவில்லை.

முகத்தைத் தேடக்கூடாத கண்காட்சி

இரண்டாம் நாள் ஒரு பள்ளிக்கூட ஹாலில் சித்திரக் கண்காட்சி. சென்னையில் படித்துவிட்டு வந்த ஓர் இளைஞர், ஜிப்பா போட்டவர், தன் படங்களைச் சுவர் முழுக்க மாட்டியிருந்தார். எங்களைத் தவிர நாலைந்து வாத்தியார்கள்தான் பார்க்க வந்திருந்தார்கள்.

முதல் படத்தில் மஞ்சளும் கறுப்புமாகக் கட்டங்கள். இரண்டாவதிலும் கட்டங்கள், ஆனால் சாய்ந்திருந்தன. மூன்றாவதற்குக் கீழே 'தாயும் சேயும்' என்று எழுதியிருந்தது. நான் தாயைத் தேடினேன். சேயையாவது கண்டுபிடிக்கலாம் என்று தலையைச் சாய்த்தேன். நான் சாய்த்த பக்கமே பக்கத்தில் நின்ற வாத்தியாரும் சாய்த்தார். இருவரும் பார்வையைச் சந்திக்காமல் நிமிர்ந்துகொண்டோம்.

அக்கா நேராக அந்த இளைஞரிடமே போனாள்.

"பிள்ளே, இதுல முகம் எங்க இருக்கு?"

அவர் கோபப்படவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார். "முகத்தைத் தேடக் கூடாதம்மா. முகம் வெறும் வெளித்தோற்றம். அந்த உறவினுடைய உணர்வு இருக்கிறது பாருங்கள், அதைத்தான் நான் தீட்டியிருக்கிறேன்."

"உணர்வு எனக்கு இருக்கு மக்கா," என்றாள் அக்கா. "முகம்தான் இல்லே."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எங்கள் இருவருக்குமே ஒன்றும் புரியவில்லை.

பத்மநாபபுரத்தில் அவள் சொன்னது

மூன்றாம் நாள் தக்கலைக்குப் பஸ் ஏறி பத்மநாபபுரம் போனோம். அரண்மனைச் சுவரில் பழைய காலத்துச் சித்திரங்கள் உண்டு என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

உள்ளே தரை கறுப்புக் கண்ணாடியாகப் பளபளத்தது. வெறுங்காலை வைத்தால் குளத்துத் தண்ணீரில் வைத்தமாதிரி சில்லிட்டது. மர ஏணிப்படிகளில் ஏறி மேலே போனால், சித்திர அறைக்குள் விட முடியாது என்று காவல்காரர் மறித்தார். அக்கா ஒன்றும் கெஞ்சவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன நினைத்தாரோ, "வாசல்ல நின்னு கண்டுக்கோ அம்மா. உள்ள கால வைக்காண்டாம்," என்று ஒதுங்கினார்.

விளக்கு வெளிச்சத்தில் சுவர் முழுக்கத் தெய்வங்கள். காவியும் பச்சையுமாக நகைகள், நீண்ட கண்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"எல்லாருக்கும் ஒரே கண்ணால்லா இருக்கு," என்றாள் அக்கா. குரலில் ஏமாற்றம். "ஒருத்தருக்காவது ஒரு மச்சம் உண்டா, ஒரு தழும்பு உண்டா?"

தெய்வத்துக்கு எதற்குத் தழும்பு என்று எனக்கு எரிச்சலாக வந்தது. வெளியே வந்து மதில் ஓரத்து மரநிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தபோது கேட்டேவிட்டேன்.

"அக்கா, நீ எதைத் தேடுதேன்னு எனக்கு மனசிலாவல. மூணு நாளா அலையுதோம். அங்க அப்பா மாதேவன் சாருக்குப் பதில் சொல்லணும்னு வாசலப் பாத்துட்டு இருக்காவ. நீ என்னடான்னா கடைப் பலகைக்க மூக்கப் பாக்குதே."

அவள் சோற்று உருண்டையை இலையிலேயே வைத்துவிட்டாள்.

"எனக்கு அவியளுக்க முகம் ஓர்மை இல்லே, தம்பி."

நான் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தேன்.

"ஆலோசனை வந்த அன்னைக்கு, அவிய இருந்தா என்ன சொல்லுவாவன்னு நெனச்சுப் பாத்தேன். சத்தம் கேக்கு. சட்டையில புகை மணக்கு. கை தெரியுது, நகத்துல இருக்க மசிக்கறை கூடத் தெரியுது. முகம் இருக்க வேண்டிய எடத்துல ஒண்ணும் இல்லே. எத்தனை நாளா இல்லேன்னும் தெரியல. நான் பாக்காம இருந்திருக்கேன்."

"அதுக்கும் நீ சம்மதம் சொல்லதுக்கும்…"

"முகம் தெரியாத ஆளுகிட்ட எப்பிடிலே போயிட்டு வாறேன்னு சொல்லது?"

இது ஆமாவா, இல்லையா? மாட்டுத்தொழுவத்தில் காத்திருக்கும் அப்பாவிடம் இதை நான் எந்த வார்த்தையில் சொல்வது? அக்கா அதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். ஊறுகாயை என் பக்கம் தள்ளினாள்.

கடப்புறத்து ஆர்ட்டிஸ்ட்

மறுநாள் மணிமேடை ஸ்டூடியோவுக்கு நானே அவளை அழைத்துப் போனேன். இந்தமுறை கதவு திறந்திருந்தது.

"ஆளும் இல்லே, போட்டோவும் இல்லேன்னா நான் என்னத்தைப் பெரிசாக்கது?" என்றார் ஸ்டூடியோக்காரர். நல்லவர்தான். கொஞ்சம் யோசித்து, "அவருக்க ஜாடையில சொந்தக்காரர் யாராவது உண்டா? தம்பியையே இருத்தி ஒரு படம் எடுத்து, மீசை வச்சு, கொஞ்சம் திருத்தித் தரட்டுமா?" என்று என்னைப் பார்த்தார்.

நான் பின்னால் நகர்ந்தேன். அக்கா அன்றுதான் அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தாள்.

அவர்தான் வழி சொன்னார். "கோட்டாத்துல அருளப்பன்னு ஒருத்தன் இருக்கான். கடியப்பட்டணத்துக்காரன். நாடகத்துக்குச் சீன் படுதா வரைவான். அவங்க கடப்புறத்துல கடலோட போனவங்களுக்குப் படம் வரைஞ்சு குடுப்பான்னு கேள்வி. அவன்கிட்ட கேட்டுப் பாருங்க."

அருளப்பனுக்கு நாற்பது வயதிருக்கும். கைலியில் எல்லா நிறமும் சிந்தியிருந்தது. அக்கா சொல்லச் சொல்ல, தூரிகையைக் கழுவிக்கொண்டே கேட்டார். பேச்சில் கடற்கரை ராகம்.

"எங்க ஊர்ல வள்ளத்துல போனவன் வராமப் போனா, அவனுக்குப் போட்டோவா இருக்கும்? அம்மை வருவா, பொண்டாட்டி வருவா. அவங்க சொல்லுவாங்க, நான் வரைவேன். ஆனா அக்கா, ஒரு காரியம் முன்னாடியே சொல்லுகேன். நான் அவர இந்த உலகத்துல கண்டதில்லே. நீங்க சொல்லதுதான் வரும்."

ஒரு நாடக நோட்டீசின் பின்பக்கத்தைப் பலகையில் குத்தி, கரித்துண்டை எடுத்தார். மூக்கு எப்படி, கண் எப்படி என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"அவரு உங்களத் தேடி வரும்போது எங்க நிப்பாரு?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "வாசல்ல நிக்க மாட்டாவ. நேரா அடுக்களைக்கு வந்திருவாவ. நெலையில தலை முட்டும்னு குனிவாவ."

"அப்போ நெத்திதான் முதல்ல தெரியும். நெத்தி எப்பிடி?"

அப்படியே போயிற்று. சிரிக்கும்போது முதலில் கண் சிரிக்குமா வாயா? கோபம் வந்தால் எந்தப் பக்கம் திரும்புவார்? மூன்று நாள் காலைகளில் போய் உட்கார்ந்தோம். கரி அழிக்கப்பட்டுத் திரும்ப வந்தது. அக்காவின் சொல் ஒவ்வொன்றும் கோடாக மாறுவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு பக்கம் வியப்பு, இன்னொரு பக்கம் ஒரு பதற்றம். ஏனென்றால் வருவது மச்சான் இல்லை.

இரண்டாம் நாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். "அக்கா, மச்சானுக்கு மூக்கு இவ்வளவு பரந்து இருக்காது. கூர்மையால்லா இருக்கும். இடது புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு உண்டே."

"தழும்பு வலது பக்கம்."

"இல்லேக்கா, இடது. எனக்கு நல்ல ஓர்மை உண்டு."

"உனக்கு என்னலே தெரியும்?" அக்கா கண்ணைத் திறந்தாள். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "மாசத்துக்கு ஒருக்க பஜ்ஜி வாங்கித் தந்த ஆளத்தான் உனக்குத் தெரியும். நீயா அவியளுக்க கூட இருந்தே?"

எனக்குக் கன்னம் சுட்டது. பள்ளிக்கூட நாட்களில் எனக்கென்று பேசிச் சிரித்த ஒரே பெரியவர் அவர்தான். அவர் போனபோது நானும் அழுதிருக்கிறேன். அதைச் சொல்லத் தெரியாமல் படுதாவில் இருந்த படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அருளப்பன் கரித்துண்டைக் கீழே வைத்தார். "சண்டை வேண்டாம். எப்பவும் இப்பிடித்தான். அம்மை சொல்லக் கேட்டா ஒரு ஆளு, பொண்டாட்டி சொல்லக் கேட்டா வேற ஆளு. ரெண்டு பேரும் கள்ளம் சொல்லல்ல. நான் பொண்டாட்டி சொல்லதத்தான் வரைவேன், தம்பி. அம்மைமாருக்க ஓர்மையில எல்லாருக்கும் பத்து வயசுதான்."

மூன்றாவது நாள் சாயம் தீட்டிய பலகையை எங்கள் பக்கம் திருப்பினார். அக்கா பார்த்தாள். "இது அவியதான்" என்றாள்.

தழும்பு எந்தப் புருவத்திலும் இல்லை என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். எங்கள் சண்டைக்குப் பிறகு அருளப்பன் அதை விட்டுவிட்டிருந்தார். அக்காவும் அதைக் கேட்கவில்லை.

ஒரு நிபந்தனையோடு

பழைய வேட்டியில் சுற்றிய படத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் என் பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள். பஸ் வயல்வெளிக்குள் நுழைந்த பிறகு வாயைத் திறந்தாள்.

"அப்பாகிட்ட சம்மதம்னு சொல்லிரு. ஆனா மாதேவன் சார்கிட்ட நீயே நேர்ல போயிச் சொல்லணும். இந்தப் படத்தையும் கொண்டு வருவேன். அங்க சுவத்துல மாட்டுவேன். அதுக்கு ஒப்புன்னா ஒப்பு."

முந்தின நாள்வரை விடைபெற முகம் வேண்டும் என்றவள், இன்று அந்த முகத்தையே கூடக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறாள். அப்பாவிடம் சம்மதத்தை மட்டும் சொன்னேன். நிபந்தனையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்.

திருவனந்தபுரத்துக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் படத்தைத் தூக்கிக்கொண்டு தாழக்குடிக்குப் போனேன். மாதேவன் சார் முற்றத்தில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். ஒல்லியானவர். காதோரம் நரைத்திருந்தது. நான் மென்று விழுங்கி விஷயத்தைச் சொல்லி முடித்தேன். துரத்திவிடுவார் என்றே நினைத்தேன்.

"படத்தைக் காட்டு," என்றார்.

வேட்டியை விலக்கினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் துருவிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது.

"மாட்டலாம்," என்றார். "வடக்குச் சுவத்துல சாரல் அடிக்கும். உள்ள நடுச்சுவத்துல மாட்டச் சொல்லு."

வழியனுப்பத் தெருமுனைவரை கூடவே வந்தார். அங்கே நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி, பூதலிங்கமும் நானும் நாகர்கோவில்ல ஒரே பெஞ்சுல மூணு வருசம் இருந்து படிச்சோம். இது அவன் இல்லே கேட்டியா. அவளுக்கிட்ட சொல்லாண்டாம்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. நான் பைத்தியமில்லை. "ஆமா சார், மூக்கு கூர்மையால்லா இருக்கும்?" என்றேன் ஆவலோடு.

"மூக்கா? மூக்கு சாதாரணந்தான். அவனுக்கு முன்பல்லு ரெண்டும் எத்துல்லா? அதச் சொல்லித்தான் நாங்க கேலி பண்ணுவோம்."

எத்துப்பல்லா? மச்சானுக்கா? தாழக்குடியிலிருந்து எங்கள் ஊர்வரை வயல் வரப்பில் நடந்து வந்தேன். வழி நெடுக அவரைச் சிரிக்க வைத்துப் பார்த்தேன். பல்லே தெரியவில்லை.

பிறகு நடந்தது

தை மாதம் கல்யாணம். எளிமையாக நடந்தது. படம் நடுச்சுவரில் ஏறியது. வருடா வருடம் மச்சானின் திதியன்று மாதேவன் சாரே பூ வாங்கி வந்து மாலை கட்டிப் போடுவார். அவர்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். அவள் அந்தப் படத்தைப் "பெரியப்பா" என்று கூப்பிட்டு வளர்ந்தாள். இருபத்தெட்டு வருடங்கள். மாதேவன் சார் கடைசிவரை அக்காவிடம் மூச்சுவிடவில்லை. நானும் விடவில்லை.

அவரும் போன பிறகு, அவருடைய படத்தை எந்த இடத்தில் மாட்டுவது என்று பேச்சு வந்தது. அவருக்குப் போட்டோக்கள் நிறைய இருந்தன. பணி ஓய்வு விழாவில் எடுத்த ஒன்றை அக்கா தேர்ந்தெடுத்தாள். அதை மாட்ட ஆணி அடித்துக்கொண்டே, முதுகைக் காட்டியபடி, பல வருடங்களாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"அக்கா, உண்மையச் சொல்லு. இந்தப் படத்துல இருக்கது மச்சான்தானா?"

"இல்லல்லா," என்றாள் சாதாரணமாக.

சுத்தியல் என் விரலில் இறங்கியது. "பின்னே அன்னைக்கு ஏன் அவியதான்னு சொன்னே?"

"அந்த மனுசன் அழிச்சு அழிச்சு மூணு நாளு வரைஞ்சாரு. ஒவ்வொரு தடவ மாத்தும்போதும் எனக்குள்ள இருந்த கொஞ்சமும் கலங்கிப் போயிட்டே இருந்துச்சு. இன்னொரு நாளு இருந்தா அந்தக் கையும் சத்தமும் கூடப் போயிரும்னு பயந்துட்டேன். அதான் போதும்னு சொன்னேன்."

"மாதேவன் அத்தானுக்கும் தெரியும்க்கா. அன்னைக்கே எனக்கிட்ட சொன்னாவ."

அவள் மாதேவன் சாரின் போட்டோவைக் கையில் வாங்கி, கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள்.

"தெரிஞ்சுக்கிட்டேயா மாலை போட்டாவ?" என்றாள். மறுபடியும் துடைத்தாள்.

"பின்னே எதுக்குக்கா மாட்டி வச்சே, இத்தனை வருசமா?" எனக்கு அழுகை வருகிறதா கோபம் வருகிறதா என்று தெரியவில்லை. மச்சானை நினைத்தால் இப்போதெல்லாம் எனக்கும் அந்தப் பலகையில் இருக்கும் முகம்தான் வருகிறது. கூர்மையான மூக்கு எப்போதோ போய்விட்டது.

அவள் பதில் சொல்ல வாயெடுத்தபோது வாசலில் செருப்புச் சத்தம். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த பெண், துக்கம் கேட்க வந்திருந்தாள். உள்ளே வந்து, மாதேவன் சாரின் போட்டோவைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். பிறகு பக்கத்தில் இருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது யாரு அம்மா?"

அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இரி மக்கா, சொல்லுகேன். பேரு பூதலிங்கம்…"